எரிந்த ஊர்கள், நிரம்பிய மைதானங்கள்: கன்சாஸ்–மிசூரி கால்பந்துப் பகையின் வரலாறு

கன்சாஸ் பல்கலைக்கழகமும் மிசூரி பல்கலைக்கழகமும் 1891 முதல் 2025 வரை 121 முறை அமெரிக்கக் கால்பந்து ஆடியிருக்கின்றன. யாருக்கு எத்தனை வெற்றி என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். மிசூரியின் ஏட்டில் அவர்களுக்கு 58, கன்சாஸுக்கு 54. கன்சாஸின் ஏட்டில் மிசூரிக்கு 57, தமக்கு 55. சமனில் முடிந்த ஒன்பதைப் பற்றி மட்டும் சச்சரவு இல்லை. வழக்கு ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றியது. 1960 நவம்பர் 19 அன்று, தோல்வியே காணாமல் நாட்டின் முதலிடத்தில் இருந்த மிசூரியை அதன் சொந்த மைதானத்திலேயே கன்சாஸ் 23–7 என்று வீழ்த்தியது. அடுத்த சில வாரங்களில், கன்சாஸ் அணியின் பெர்ட் கோன் ஆடத் தகுதியற்றவர் என்று பிக் எயிட் லீக் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தின் செல்வந்தப் பழைய மாணவர் ஒருவர் அவரைத் தம் செலவில் சிகாகோவுக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப்போயிருந்தார். மாணவ ஆட்டக்காரர்களுக்கு அப்படிப்பட்ட சலுகை கூடாது என்பது விதி. வெற்றி மிசூரிக்கு மாற்றி எழுதப்பட்டது. கன்சாஸ் அந்தத் தீர்ப்பை இன்றுவரை தன் ஏட்டில் ஏற்றவில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்காத இரு ஊர்களின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள, பந்து உருளத் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டு முன்னால் போக வேண்டும். அமெரிக்காவில் அண்டை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டாபோட்டி ஏராளம். ஓஹாயோவும் மிச்சிகனும் ஓர் எல்லைத் தகராறைச் சொல்லிக்கொள்ளும். ஓக்லஹோமாவும் டெக்சஸும் ஓர் ஆற்றைச் சொல்லிக்கொள்ளும். ஆனால் எல்லையின் இருபுறமும் ஊர்கள் எரிந்து, மனிதர்கள் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட நினைவின்மேல் நடக்கும் ஆட்டம் இது ஒன்றுதான். அந்த நினைவை ஆட்டம் காப்பாற்றியது. கூடவே அதை வெட்டிச் சுருக்கவும் செய்தது. காப்பாற்றியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வெட்டப்பட்டது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

மிசூரி 1821இல் அடிமைமுறை உள்ள மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. அதன் மேற்கே இருந்த நிலம் 1854 மே மாதம் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தால் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றது சட்டம். காகிதத்தில் ஜனநாயகம், தரையில் அது ஆள்பிடிக்கும் பந்தயமாயிற்று. மாசசூசெட்ஸிலிருந்து அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் வண்டிகட்டி வந்து ஓர் ஊரை நிறுவினார்கள். தமக்குப் பண உதவி செய்த ஏமஸ் லாரன்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். மிசூரிக்காரர்களுக்கு அத்தனை தூரம் பயணம் தேவைப்படவில்லை. 1855 மார்ச் 30 அன்று கன்சாஸின் முதல் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய மாதம் எடுத்த கணக்கெடுப்பில் வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர். பதிவான வாக்குகள் 6,307. ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்து வாக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

அதன்பின் நடந்தவை சங்கிலிபோல் ஒன்றையொன்று இழுத்தன. 1856 மே 21 அன்று லாரன்ஸ் சூறையாடப்பட்டு அதன் ஃப்ரீ ஸ்டேட் விடுதி தரைமட்டமானது. மூன்று நாள் கழித்து, அடிமைமுறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐவரை வீடுகளிலிருந்து இழுத்துவந்து வெட்டிக் கொன்றார்கள். 1861 ஜனவரி 29 அன்று கன்சாஸ் அடிமைமுறை இல்லாத மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. சில வாரங்களில் உள்நாட்டுப் போர் வெடித்தது. எல்லையில் அது ஏற்கெனவே ஏழாண்டு வயதான போர்.

1861 செப்டம்பரில் கன்சாஸின் செனட்டர் ஜிம் லேன், தன் படையோடு மிசூரிக்குள் புகுந்து ஒசியோலா என்ற ஆற்றங்கரை வணிக ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார். அவசர விசாரணை நடத்தி ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது அந்தப் படை. அடிமைகளாக இருந்த பலர் அதே படையோடு நடந்து கன்சாஸ் வந்து விடுதலை பெற்றார்கள் என்பதும் அந்த நாளின் கணக்கில் சேர வேண்டும். லேனின் படைபோல எல்லை தாண்டிக் கொள்ளையிட்ட கன்சாஸ்காரர்களுக்கு வழங்கிய பெயர் 'ஜெய்ஹாக்கர்'. இன்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் சின்னமாகச் சப்பாத்து மாட்டிக்கொண்டு சிரிக்கும் நீலமும் சிவப்புமான பறவை அந்தப் பெயரிலிருந்து பிறந்தது.

இரண்டு ஆண்டு கழித்துப் பதிலடி வந்தது. 1863 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் மிசூரித் தரப்புக் கெரில்லாத் தலைவர் வில்லியம் குவாண்ட்ரில் ஏறக்குறைய 400 குதிரைவீரர்களோடு லாரன்ஸுக்குள் நுழைந்தார். ஊரை ஒட்டிய ஒரியட் குன்றின்மேல் காவலுக்கு ஆட்களை நிறுத்திவிட்டு, நான்கு மணி நேரம் வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். இறந்தவர்கள் 150க்கு மேல். ஆண்களும் பையன்களுமாக, பெரும்பாலோர் கையில் ஆயுதம் இல்லாதவர்கள். அவர்கள் முதன்மையாகத் தேடிவந்த லேன், இரவு உடையிலேயே சோளக்கொல்லைக்குள் ஓடித் தப்பினார். நான்கே நாளில் ஒன்றியப் படையின் தளபதி தாமஸ் யூவிங் பதினொன்றாம் ஆணையைப் பிறப்பித்தார். மிசூரியின் எல்லை மாவட்டங்களான ஜாக்சன், காஸ், பேட்ஸ் ஆகியவற்றிலும் வெர்னனின் வடபகுதியிலும் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தவர்கள், படைமுகாம்களுக்கு அருகில் இருந்தவர்களும் சில நகரங்களில் இருந்தவர்களும் நீங்கலாக, பதினைந்து நாளில் வெளியேற வேண்டும். கெரில்லாக்களுக்குச் சோறு போட்டவர்கள் மட்டுமல்ல, ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்தவர்களும் வீட்டை விட்டுப் போனார்கள். விட்டுச்சென்ற வீடுகள் கொளுத்தப்பட்டன. கரிந்த புகைபோக்கிகள் மட்டும் நின்ற அந்த நிலத்துக்கு 'எரிந்த மாவட்டம்' என்ற பெயர் பல காலம் நிலைத்தது.

போர் முடிந்த 1865ஆம் ஆண்டுக்குரியது கன்சாஸ் பல்கலைக்கழகம். குவாண்ட்ரிலின் காவலாட்கள் நின்ற அதே ஒரியட் குன்றின்மேல்தான் அது இன்றும் நிற்கிறது. மிசூரி பல்கலைக்கழகம் அதைவிட மூத்தது. 1839இல் கொலம்பியா நகரில் தொடங்கியது. அதன் அணிக்கு 'டைகர்ஸ்' என்று பெயர் வந்த கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். போரின் கடைசிக் கட்டத்தில் 'பிளடி பில்' ஆண்டர்சன் போன்ற கெரில்லாக்கள் கொலம்பியாவைத் தாக்கக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஊரார் ஒரு காவல் படை திரட்டிக்கொண்டார்கள். அந்தப் படையின் பெயர் கொலம்பியாவின் புலிகள். தாக்குதல் வரவில்லை, பெயர் நின்றது. 1890இல் கால்பந்து அணி உருவானபோது அதை எடுத்துக்கொண்டது. ஆண்டர்சன் குவாண்ட்ரிலின் கூட்டாளி; லாரன்ஸ் படுகொலையில் முன்னணியில் நின்றவர். ஆக, மிசூரியின் புலி குவாண்ட்ரிலின் ஆட்களிடமிருந்து ஊரைக் காக்கக் கிளம்பிய புலி. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரப்போகும் பல காட்சிகள் வேறு மாதிரி தெரியும்.

முதல் ஆட்டம் 1891 அக்டோபர் 31 அன்று கன்சாஸ் சிட்டியில் நடந்தது. கன்சாஸ் வென்றது. பெயரில் கன்சாஸ் இருந்தாலும் அந்த நகரத்தின் பெரும்பகுதி மிசூரியில் இருக்கிறது. மாநில எல்லை நகரத்தின் நடுவே ஓடுகிறது. யூவிங் தன் ஆணையைப் பிறப்பித்ததும் அங்கிருந்துதான். அந்த நாளில் கால்பந்து இன்றைய ஆட்டம் அல்ல. முன்னோக்கி எறிவது தடை. இரு பக்கமும் ஆட்கள் கைகோத்து மோதித் தள்ளுவதுதான் பெரும்பாலான ஆட்டம். தலைக்கவசம் அணிந்தவர்கள் குறைவு. அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் நவம்பர் மாத நன்றி நவிலும் நாளில், பெரும்பாலும் கன்சாஸ் சிட்டியில், இரு அணிகளும் சந்தித்தன.

அதே இருபது ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் வேறு இரண்டும் நடந்தன. 1895இல் லாரன்ஸின் ஓக் ஹில் இடுகாட்டில் படுகொலையில் இறந்தவர்களுக்கு நினைவுக்கல் நட்டார்கள். 1898 முதல் எல்லைக்கு அப்பால், மிசூரியில், குவாண்ட்ரிலோடு சவாரி செய்து உயிர்தப்பிய கிழவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது 1929 வரை நடந்தது. ஒரு பக்கம் கல்லறை, மறுபக்கம் விருந்து. நடுவே வெள்ளைக் கோடு போட்ட மைதானம். மாணவர்கள் பழைய போரை நூலகத்தில் கற்கவில்லை. சுற்றியிருந்த பெரியவர்களின் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்தார்கள்.

1911இல் ஒரு திருப்பம். பல்கலைக்கழக ஆட்டங்கள் பல்கலைக்கழக வளாகங்களிலேயே நடக்க வேண்டும் என்று விதி வந்தது. கன்சாஸ் சிட்டி போன்ற பொது இடம் போய்விட்டதே, கூட்டம் வருமா என்ற கவலை மிசூரியின் விளையாட்டு இயக்குநர் செஸ்டர் புரூவருக்கு. பழைய மாணவர்கள் எல்லோரும் வீடு திரும்பி வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். வந்தார்கள். ஊர்வலம், கூட்டம், ஆட்டம், முடிவு 3–3. அமெரிக்கக் கல்லூரிகளெங்கும் இன்று கொண்டாடப்படும் 'ஹோம்கமிங்' விழாவின் தொடக்கம் அதுதான் என்று மிசூரி உரிமை கொண்டாடுகிறது. இலினாய் போன்றவை அதை ஏற்பதில்லை. எனக்கு அந்த நாளில் அதிகம் பிடித்த காட்சி கொலம்பியாவில் இல்லை, லாரன்ஸில் இருக்கிறது. கொலம்பியா மைதானத்திலிருந்து நேராக ஒரு தந்திக் கம்பி இழுத்திருந்தார்கள். லாரன்ஸில் ஆயிரம் பேருக்கு மேல் கூடி, தந்தியில் வரும் செய்திக்கேற்பப் பந்தின் இருப்பிடத்தைக் காட்டும் பொறியைப் பார்த்தபடி கத்தினார்கள். வானொலி வர்ணனையும் தொலைக்காட்சியும் வராத காலத்தில், அரை நூற்றாண்டுக்கு முன் தீக்கிரையான ஊர், எதிரியின் ஊரில் நகரும் பந்தை நொடிக்கு நொடி பின்தொடர்ந்தது.

1918இல் மட்டும் பெருந்தொற்றுக் காய்ச்சலால் ஆட்டம் தடைபட்டது. அதைத் தவிர 2011 வரை ஆண்டு தவறவில்லை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இத்தனை நீண்ட தொடர் அதுவரை வேறு இருந்ததில்லை. வென்ற அணி எடுத்துப்போக 1937இல் ஒரு கேடயம் வந்தது: பூர்வகுடிகளின் போர் முரசு. இரு மாநிலங்களின் நிலத்திலும் பெரும்பகுதி ஓசேஜ் மக்களுடையதாக இருந்தது. 1808, 1825 ஒப்பந்தங்களில் மிசூரியையும் கன்சாஸின் பெரும்பகுதியையும் இழந்து, 1870களில் கன்சாஸிலிருந்தும் வெளியேற்றப்பட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள் அவர்கள். நிலம் யாருக்கு என்று இரு வெள்ளையர் கூட்டங்கள் அடித்துக்கொண்டதன் நினைவாட்டத்தில், நிலத்தை இழந்தவர்களின் முரசு பரிசுப்பொருளாகக் கைமாறியது. எல்லைப் போர் என்றால் 1854இல் தொடங்குகிறது என்ற கதைக்கு இந்த முரசே மறுப்பு.

கறுப்பின மக்களும் அந்தக் கதையிலிருந்து மெல்ல மறைந்துபோனார்கள். போரே அவர்களைப் பற்றியதுதானே? 1860இல் மிசூரியில் அடிமைகளாக இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆட்டத்தின் கதையில் கன்சாஸ் விடுதலைப் பக்கம், மிசூரி அடிமைப் பக்கம், அவ்வளவுதான். ஆனால் 1855 டிசம்பரில் அதே கன்சாஸின் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள், கறுப்பினத்தவர் எவரும் தம் மாநிலத்தில் குடியேறக்கூடாது என்ற விலக்குக்கும் பெரும்பான்மையாக வாக்களித்திருந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கன்சாஸின் தலைநகரான டொபீகாவின் பள்ளி வாரியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கின் பெயரால்தான் அறியப்படுகிறது. மிசூரியின் கணக்கு இதைவிடக் கசப்பானது. 1892இல் நெப்ராஸ்கா அணியில் ஜார்ஜ் ஃபிளிப்பின் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார் என்பதற்காகவே மிசூரி களமிறங்க மறுத்து ஆட்டத்தை இழந்தது. லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞரைச் சட்டக் கல்லூரியில் சேர்க்க மறுத்தது. 1938இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மார்ச்சில் அவர் சிகாகோவில் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியவில்லை. முதல் கறுப்பின மாணவர்கள் மிசூரியில் நுழைந்தது 1950இல். பெர்ட் கோன் விவகாரத்தால் நினைவில் நிற்கும் 1960 மிசூரி அணியில் நோரிஸ் ஸ்டீவன்சன் ஓடினார். உதவித்தொகையோடு அந்த அணியில் சேர்ந்த முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். 23–7ஐப் பற்றிச் சண்டையிடுபவர்கள் அறுபது ஆண்டாக அந்தப் பெயரை விட்டுவிட்டே சண்டையிடுகிறார்கள்.

கன்சாஸ் தரப்பில் பகைக்கு உருவம் கொடுத்தவர் டான் ஃபாம்பரோ. 1971–74, 1979–82 என இரு முறை பயிற்சியாளர். ஓய்வுக்குப் பின்னும் மிசூரி ஆட்டத்துக்கு முன்னால் அணியினரின் அறைக்கு வந்து குவாண்ட்ரிலின் கதையைச் சொல்லி இளைஞர்களைக் கொதிக்க வைப்பார். மருத்துவத்துக்குக்கூட மிசூரி எல்லையைத் தாண்ட மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. குவாண்ட்ரில் மிசூரி பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் என்றும் அவர் சொல்வதுண்டு. அது உண்மை அல்ல. குவாண்ட்ரில் பிறந்தது ஓஹாயோவில். பள்ளி ஆசிரியராக இருந்தவர். போருக்கு முன் வேறு பெயரில் லாரன்ஸிலேயே வாழ்ந்தவர். தம் மக்களைக் கொன்றவன் தம் தெருக்களில் நடந்தவன் என்பதை ஓர் ஊர் விழுங்குவது கடினம். எதிரியின் பல்கலைக்கழகத்தில் அவனை ஒப்படைத்துவிட்டால் கதை சுலபமாகிவிடுகிறது. ஃபாம்பரோவின் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் உடைமாற்றும் அறையில் ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் தவறான வரலாறு சொல்லப்பட்டதை வெறும் ஊக்கப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இராக் போர் நடந்துகொண்டிருந்த 2004இல், போர் என்ற சொல் விளையாட்டுக்கு ஒவ்வாது என்று இந்த ஆட்டத்துக்கு வழங்கிவந்த 'பார்டர் வார்' (எல்லைப் போர்) என்ற பெயரை இரு பல்கலைக்கழகங்களும் அலுவல்முறையில் மாற்றின. ரசிகர்கள் மாற்றவில்லை.

2007 நவம்பர் 24இல் அது உச்சத்தை எட்டியது. கன்சாஸ் பதினொரு ஆட்டமும் வென்று நாட்டில் இரண்டாம் இடம்; மிசூரி ஒன்றே ஒன்று தோற்று அதை ஒட்டிய இடம். கன்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல். மிசூரியின் சேஸ் டேனியல் 49 முறை எறிந்ததில் 40 சரியாகப் போய்ச் சேர்ந்தன. அவரது அணி 36–28 என்று வென்று நாட்டின் முதலிடத்துக்கு ஏறியது. கூட்டத்தின் உடைகளையும் பார்க்க வேண்டும். கன்சாஸ்காரர்கள் சிலரின் சட்டையில் ஜான் பிரவுன். மிசூரியிடமிருந்து 1854 முதல் அமெரிக்காவைக் காத்துவருகிறோம் என்ற வாசகம். மிசூரிக்காரர்கள் சிலரின் சட்டையில் தீப்பற்றி எரியும் லாரன்ஸ். மேலே 'ஸ்கோர்போர்டு' (ஆட்டப் புள்ளிப் பலகை) என்ற ஒரே சொல். நூற்றைம்பது பேரின் சாவு ஒரு வெற்றிப் புள்ளியாக அச்சிடப்பட்டிருந்தது. அதை அணிந்தவர்கள் வாழ்த்திய அணியின் பெயர் டைகர்ஸ் என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

இத்தனை ரத்தமும் பிரிக்காத இரு அணிகளையும் கடைசியில் பிரித்தது பணம். 2011இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஈஎஸ்பிஎன்னோடு சேர்ந்து இருபது ஆண்டுக்கு 300 மில்லியன் டாலர் மதிப்பில் தனக்கே தனக்கென ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. இரு அணிகளும் இருந்த பிக் ட்வெல்வ் லீகில் சமநிலை குலைந்தது. ஏற்கெனவே நெப்ராஸ்காவும் கொலராடோவும் விலகியிருந்தன. அந்த நவம்பரில் மிசூரியும் சௌத்ஈஸ்டர்ன் லீகுக்குப் போவதாக அறிவித்தது. அதே மாதம் 26ஆம் தேதி ஏரோஹெட்டில் மிசூரி 24–10 என்று வென்றது, 120ஆவது ஆட்டம். தொடர மிசூரிக்கு விருப்பம் இருந்தது. லீகை விட்டுப் போனவர்களோடு ஆட மாட்டோம் என்றது கன்சாஸ். தந்திக் கம்பி காலத்திலிருந்து தொடர்ந்த ஒன்று தொலைக்காட்சி ஒப்பந்தத்தில் அறுந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஒசியோலா நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஜெய்ஹாக் என்ற பெயரைக் கன்சாஸ் பல்கலைக்கழகம் கைவிட வேண்டும்; ஒசியோலா மக்கள் இனி கன்சாஸின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதக்கூடாது. நாளிதழ்கள் அதை வேடிக்கைச் செய்தியாகவே வெளியிட்டன. 150 ஆண்டுக்கு முன் எரிந்து பழைய நிலைக்கு மீளவே முடியாத ஒரு சிறிய ஊர், தன்னையும் யாராவது நினைத்துப் பார்க்கட்டும் என்று கேட்டது. லாரன்ஸுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, கதை கிடைத்தது. ஒசியோலாவுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

2017 அக்டோபரில் புயல் நிவாரண நிதிக்காக நடந்த கூடைப்பந்துக் காட்சி ஆட்டம் முதல் இணக்கம். 2021 டிசம்பரில், நின்றுபோயிருந்த கூடைப்பந்துத் தொடர் மீண்டது. 2025 செப்டம்பர் 6 அன்று கொலம்பியாவில் கால்பந்தும் மீண்டது. தொடக்கத்தில் பின்தங்கிய மிசூரி 42–31 என்று வென்றது. ஒப்பந்தப்படி 2026 ஆட்டம் லாரன்ஸில்.

இந்த ஆட்டம் தொடர வேண்டும் என்பதே என் விருப்பம். எல்லை வரலாற்றைப் பள்ளிப் புத்தகத்தைவிட அதிகம் பேரிடம் கொண்டுசேர்த்தது இதுதான். அதனாலேயே இரு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒசியோலாவின் ஒன்பது பேரையும் லாரன்ஸின் நூற்றைம்பது பேரையும் லாயிட் கெய்ன்ஸையும் ஓசேஜ் மக்களையும் ஆட்ட நாள் இதழிலும் திரையிலும் இரு தரப்பும் சேர்ந்து சொல்லட்டும். குவாண்ட்ரிலின் படம் போட்ட சட்டையோடு வருபவரை வாயிலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியது மிசூரியின் பொறுப்பு. கொலம்பியாவின் புலிகள் காவலுக்கு நின்றது அப்படிப்பட்டவர்களைத் தடுக்கத்தான்.